தெர்மோஸ்டாட்டைக் கழட்டச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்

கார் சூடாகிறது என்று கராஜுக்குக் கொண்டுபோனால், கொழும்பில் சில பாஸ்மார் (மெக்கானிக்குகள்) முதலில் சொல்வது இதைத்தான்: "இந்த வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு அண்ணே, கழட்டி விடுவோம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அது குளிர் நாட்டுக்கான சாமான், நமக்கு வேண்டாம், தண்ணீர் தடையில்லாமல் ஓடட்டும் என்பது அவர்கள் கணக்கு. தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்.

பெற்றோல் எரிந்து வரும் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு சூடாக வெளியே போய்விடும், இன்னொரு மூன்றில் ஒரு பங்கு எஞ்சினின் உடம்பில் ஏறும். அதை வெளியே எடுக்கத்தான் சிலிண்டர்களைச் சுற்றியும், அவற்றின் மேல்மூடியான ஹெட்டுக்குள்ளும், சூட்டை எடுத்துப்போகும் திரவமான கூலன்ட் ஓட வழி விட்டு வார்த்திருக்கிறார்கள். வாட்டர் பம்ப் தள்ளிவிட, சூட்டை வாங்கிய கூலன்ட் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போய், மெல்லிய அலுமினியக் குழாய்களில் பிரிந்து ஓடி, இடையில் இருக்கும் தகடுகளில் காற்றுப் பட்டு ஆறித் திரும்பி வரும்.

இந்தப் பாதையின் கதவுதான் தெர்மோஸ்டாட். உள்ளே மெழுகு இருக்கிறது. 82 பாகை அளவில், காருக்குக் கார் கொஞ்சம் மாறும், அது உருகி விரிந்து வால்வைத் திறக்கும். அதுவரை கூலன்ட் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். கழட்டிவிட்டால் எஞ்சின் தனக்குரிய சூட்டுக்கு வர நெடுநேரம் ஆகும், எஞ்சின் இன்னும் குளிர்தான் என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெற்றோலைக் கூடுதலாக அடித்துக்கொண்டே இருக்கும், ஒயிலில் சேர்கிற ஈரமும் ஆவியாகிப் போகாது. இதைவிட மோசமான விஷயம் ஒன்று இருக்கிறது. பல ஜப்பான் எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே அதன் அடித்தட்டு, ரேடியேட்டருக்குப் போகாமல் திரும்பும் குறுக்கு வழியை அடைத்துவிடும். தெர்மோஸ்டாட் இல்லையென்றால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும், கூலன்ட்டில் ஒரு பங்கு ஆறாமலேயே எஞ்சினுக்குத் திரும்பும். கொழும்புக்குள் ஓடும்போது தெரியாது. ஆட்களை ஏற்றிக்கொண்டு கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றத்தில் போகும்போது தெரியும்.

அடுத்தது, கூலன்ட்டுக்குப் பதிலாகப் பைப் தண்ணீர் ஊற்றுவது. கூலன்ட் உறையாமல் இருக்கத்தானே, கொழும்பில் என்ன உறையப் போகிறது என்பார்கள். உறைவது பாதிக் கதைதான். அதில் துருவைத் தடுக்கும் மருந்துகள் இருக்கின்றன, கொதிநிலையையும் அது கூட்டும். வெறும் தண்ணீரை வருடக்கணக்காக விட்டால் உப்பும் துருவும் படிந்து, அந்த மெல்லிய குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபடும். 2020 முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நின்றிருந்த நாட்டில் வீதியில் ஓடுவதெல்லாம் பெரும்பாலும் வயதான கார்கள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டிகளும் அதே வயதுதான், அவற்றை இன்னும் வதைக்க வேண்டாம்.

ரேடியேட்டர் மூடியை யாருமே கவனிப்பதில்லை, எனக்கு இதுதான் பெரிய ஆதங்கம். அது வெறும் மூடி இல்லை. உள்ளே ஸ்பிரிங் வைத்த வால்வு, அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அழுத்தம் வளிமண்டலத்தைப்போல இரண்டு மடங்கானால் வெறும் தண்ணீர்கூட 120 பாகையில்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் அந்த லாபம் போய்விடும், கூலன்ட் சீக்கிரமே கொதித்துக் குறையும். உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் புது மூடி வாங்கும்போது 0.9, 1.1 என்று மேலே அடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள், பழையதில் இருந்த அதே எண் வேண்டும்.

பின்னேரம் பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை காலி வீதியில் ஊர்ந்து போகும்போது முன்னாலிருந்து காற்று வராது, ஃபேன் ஒன்றுதான் துணை. ரேடியேட்டருக்கு முன்னால் ஏசியின் கண்டென்சரும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அதனால் ஏசியைப் போட்டதும் ஃபேன் சுற்றுகிறதா என்று வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். விட்ஸ், வேகன் ஆர் போன்ற பல கார்களில் சூடு காட்டும் முள்ளும் இல்லை, நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும்தான், சிவப்பு வந்தால் சூடு ஏற்கெனவே எல்லை தாண்டிவிட்டது.

சிவப்பு விளக்கு வந்துவிட்டால் ஏசியை நிறுத்தி, ஓரம் கட்டும்வரை ஹீட்டரை முழுதாகத் திறந்து விடுங்கள், அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். அப்புறம் எஞ்சினை நிறுத்துங்கள். சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது, முகம் வெந்துவிடும். எஞ்சின்மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட்டில் வெடிப்பு விழலாம். நன்றாக ஆறிய பிறகு கூலன்ட்டின் அளவைப் பாருங்கள், ஒயில் மூடியையும் கழட்டிப் பாருங்கள். உள்ளே பால் தேத்தண்ணி நிறத்தில் ஏதாவது ஒட்டியிருந்தால், ஹெட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம், ஸ்டார்ட் பண்ணாமல் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.