வண்டியில் போகும் நேரமும் வேலைதான்

மார்ச் 3, 2025

வீடு, கட்டடம் சுத்தம் செய்யும் என் கம்பெனி பதிவாகிவிட்டது. இங்கே தென்னாப்பிரிக்காவில் பதிவுக்கு 125 ராண்ட், பெயருக்கு 50 ராண்ட், எல்லாம் ஆன்லைனிலேயே முடிந்தது. வேக்கம் கிளீனரும் ஏணியும்தான் பெரிய செலவு. டர்பனில், சாட்ஸ்வொர்த் வீட்டு கராஜ்தான் இப்போதைக்கு ஆபீஸ். கணவர் பழைய பலகையில் அலமாரி அடித்துக் கொடுத்தார். அத்தை சாம்பிராணி போட்டார்.

துடைக்கும் துணியை நான்கு நிறத்தில் பிரித்துவிட்டேன். கழிப்பறைக்குச் சிவப்பு, வாஷ்பேசினுக்கு மஞ்சள், சமையலறைக்குப் பச்சை, மற்றதுக்கு நீலம். கழிப்பறைத் துணி அடுப்பு மேடைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இது.

மார்ச் 12

உம்லங்காவில் முதல் வேலை. கடலைப் பார்த்த இரண்டு படுக்கையறை ஃபிளாட். வேலைக்கு வந்த இருவரும் ஜூலு பெண்கள். மூத்தவரை சிசி என்றுதான் கூப்பிடுகிறேன், அவர்கள் மொழியில் அக்கா.

பால்கனியின் இழுவைக் கதவு பாதி திறந்ததும் நின்றுவிட்டது. அடித் தண்டவாளத்தில் மணலும் உப்பும் சேர்ந்து சிமெண்ட் மாதிரி இறுகிப் போயிருந்தது. தண்ணீர் ஊற்றினால் சேறாகி இன்னும் உள்ளே போகும். சிசி முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் கிளறி, வேக்கத்தால் இழுத்து, அப்புறம்தான் ஈரத்துணி வைத்தார். மூலைக்குப் பழைய டூத்பிரஷ். அதற்கே முக்கால் மணி நேரம். கடைசியில் கதவு ஒரு விரலுக்கு ஓடியது. வீட்டுக்காரம்மா இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தார்.

மார்ச் 13

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாங்கியது 600 ராண்ட். ஆளுக்கு 5 மணி நேரம் வேலை, போக வர ஒன்றரை மணி நேரம், ஆக இருவருக்கும் 13 மணி நேரம். மணிக்கு 40 வீதம் கூலி மட்டும் 520. பெட்ரோல் 130. துடைக்கும் மருந்து, சோப்பு 45. மொத்தம் 695. கையிலிருந்து 95 ராண்ட் போயிருக்கிறது, என் உழைப்பைச் சேர்க்காமலேயே.

இந்தத் தொழிலில் பழகிய ஒருவர், "வண்டியில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு எதற்கம்மா கூலி?" என்று கேட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த ஒன்றரை மணி நேரமும் அவர்கள் எனக்காகத்தானே செலவழிக்கிறார்கள்? இந்த 2025 மார்ச் முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79. எங்கள் க்வாசுலு-நட்டால் மாகாணத்தில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலுக்கு, முதலாளிகளும் தொழிற்சங்கமும் கூலி பேசி முடிவு செய்யும் தனி பார்கெய்னிங் கவுன்சிலும் உண்டு, அவர்கள் விகிதத்தையும் பார்க்க வேண்டும். ஒரு நாளில் 4 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை கொடுத்தாலும் 4 மணி நேரக் கூலி தர வேண்டும் என்பது சட்டம். அதனால் சின்ன வேலையைத் தனியாக எடுத்தால் கட்டாது.

கூலியில் கை வைக்க மாட்டேன். விலையைத்தான் திருத்த வேண்டும். அதே ஃபிளாட்டுக்கு இனி 950. செவ்வாய்க்கிழமை என்றால் உம்லங்கா பக்கம் மட்டும், ஒரே கட்டடத்தில் இரண்டு வீடாகப் பிடிக்க வேண்டும்.

ஏப்ரல் 17

விலையை ஏற்றியதில் இரண்டு வாடிக்கையாளர்கள் விலகிவிட்டார்கள். கதவைத் திறந்து மூடிப் பார்த்த அம்மா விலகவில்லை, பக்கத்து வீட்டையும் பிடித்துக் கொடுத்தார்.

இந்த வாரம் என்னால் ஒரு நஷ்டம். மார்பிள் மேடையில் கறை போக வினிகர் வைத்துத் துடைக்கச் சொன்னேன். மார்பிள் சுண்ணாம்புச் சத்துள்ள கல், அமிலம் பட்டால் அரித்துவிடும். பளபளப்பு போய்த் திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டது. பாலிஷ் போட ஆள் வைத்துக் கொடுத்தேன். மருந்து பாட்டில் ஒவ்வொன்றிலும் எந்தக் கல்லில் படக் கூடாது என்று ஜூலுவில் எழுதி ஒட்டினோம். பிளீச்சோடு அமிலக் கழிப்பறை மருந்தைக் கலந்தால் விஷவாயு வரும், அதைச் சிவப்பு மையில் எழுதினோம்.

நாளை பெரிய வெள்ளி. கேட்டோ மேனர் அம்பலவாணர் ஆலயத்தில் தீமிதி. எல்லோருக்கும் சம்பளத்தோடு லீவு.

ஜூன் 20

ஓவர்போர்ட்டில் 24 வீடுகள் உள்ள கட்டடம் கிடைத்துவிட்டது! மாடிப்படி, நடைபாதை, குப்பை அறை, வாரம் மூன்று நாள், மாதம் 7,200 ராண்ட். காகிதம் கேட்டார்கள்: தொழிலாளர் இழப்பீட்டு நிதியின் சான்று, வேலையின்மைக் காப்பீட்டுப் பதிவு. காப்பீட்டுக்குச் சம்பளத்தில் தொழிலாளி 1 சதவீதம், நான் 1 சதவீதம். முதல் வாரத்திலேயே பதிந்து வைத்தது இப்போது கைகொடுத்தது.

ஆகஸ்ட் 26

மேல்மாடிச் சுவரில் ஈரக் கறை இருப்பதை சிசி காட்டினார். ஏணி வைத்து ஏறினால் கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாயில் மண் நிறைந்து, அதில் முழ உயரத்துக்கு ஆலங்கன்று. வேர் மூட்டுக்குள் இறங்கியிருந்தது. போட்டோ எடுத்து நிர்வாகக் குழுவுக்கு அனுப்பினோம். மழைக்கு முன் அந்தக் கால்வாய் சுத்தம் செய்யும் வேலையும் எங்களுக்கே வந்தது.

தினம் துடைக்கிறவர் கண்ணுக்குத்தான் கட்டடத்தின் கோளாறு முதலில் படுகிறது. இனி மாதம் ஒரு பக்க அறிக்கை உண்டு: எரியாத விளக்கு, தளர்ந்த கைப்பிடி, ஒழுகும் குழாய். சின்னது நாங்களே செய்கிறோம். கீசர், மின்சாரம் என்றால் உரிமம் பெற்றவரைக் கூப்பிடச் சொல்கிறோம். பராமரிப்பில்தான் இப்போது கையில் காசு நிற்கிறது.

அக்டோபர் 14

இரண்டு நாளாக நல்ல மழை. ஓவர்போர்ட் சுவர் காய்ந்தே இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

புதிதாக ஒரு பெண்ணைச் சேர்த்தோம். காலையில் நேர நோட்டை வாங்கிக்கொண்டு, கட்டடத்துக்குள் நுழைந்த நேரத்தை எழுதினாள். சிசி அதை அடித்துவிட்டு, ஜூலுவில் ஏதோ சொல்லி, வண்டியில் ஏறிய நேரத்தை எழுத வைத்தார்.