மனக்கணக்குக்கு மதிப்பெண் இல்லை

பதினொரு ஆண்டுகளாகச் சென்னையில் நிரல் எழுதிப் பிழைக்கும் நான், சென்ற ஆண்டு ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தின் பெங்களூரு அலுவலகத்துக்காக ஐந்து சுற்று நேர்காணல்களை எதிர்கொண்டேன். அதற்கு முந்தைய மூன்று மாதங்களும் விடியற்காலையில் எழுந்து, கல்லூரியோடு விட்டுவந்த கிராஃப், டைனமிக் புரோகிராமிங் போன்ற கணக்கு முறைகளை, நேர்காணல் கேள்விகளுக்குப் பயிற்சி தரும் லீட்கோட் தளத்தில் மறுபடி படித்தேன். விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்துகள் அடங்கும் என்பது போன்ற புதிர்கள் வெறும் நேர விரயம் என்று கூகுளின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013இல் சொல்லிவிட்டதால், அந்தக் கவலை மட்டும் எனக்கு இல்லை.

முதல் சுற்றில் எல்ஆர்யூ கேஷ் கேட்டார்கள். நெடுநேரம் தொடாத தரவை முதலில் வெளியேற்றும் அந்த அமைப்பை, பெயரைச் சொன்னதும் தரவைக் காட்டும் ஹேஷ் மேப்பையும், ஒவ்வொரு கணுவும் முன்னதையும் பின்னதையும் பிடித்திருக்கும் டபுளி லிங்க்ட் லிஸ்ட்டையும் சேர்த்துக் கட்டினால், பட்டியல் எவ்வளவு நீண்டாலும் எடுக்கவும் வைக்கவும் ஆகும் நேரம் கூடாது. இது எனக்குத் தெரியும். ஆனால் எழுத வேண்டியது நிரலை ஓட்டிப் பார்க்கவே முடியாத ஒரு வெற்று ஆவணத்தில். என் கர்சருக்குப் பக்கத்திலேயே கேள்வி கேட்பவரின் கர்சரும் துடித்துக்கொண்டிருந்தது. நடுவில் இருக்கும் கணுவை உருவும்போது முன்னதையும் பின்னதையும் எந்த வரிசையில் கோக்க வேண்டும் என்பதை மனத்துக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தேன். “என்ன யோசிக்கிறீர்கள்?” என்று அவர் இரண்டு முறை ஆங்கிலத்தில் கேட்டார். “ஒரு நிமிடம்” என்று இரண்டு முறையும் சொன்னேன். நிரல் சரியாகத்தான் வந்தது, ஆனால் நாற்பத்தைந்து நிமிடமும் அதற்கே போய்விட்டது.

எங்கள் பள்ளியில் உதடு அசையாமல் மனக்கணக்குப் போடுபவனைத்தான் கெட்டிக்காரன் என்பார்கள். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. நேர்காணலிலோ யோசிப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போதாததற்கு யோசனை தமிழில் ஓடுகிறது, வாய் ஆங்கிலத்தில் திறக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாம் சுற்றில் பைனரி சர்ச், அதாவது வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாக வெட்டித் தேடுவது. நடு இடத்தைக் கண்டுபிடிக்கக் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுத்தேன். “பட்டியல் மிகப் பெரியதாக இருந்தால்?” என்றார் அந்தப் பெண் பொறியாளர். கூட்டுத்தொகை ஏறத்தாழ 215 கோடியைத் தாண்டினால் 32 பிட் எண் எதிர்மறையாகப் புரண்டுவிடும். ஜாவாவின் நூலகத்திலேயே பல ஆண்டுகள் ஒளிந்திருந்த இந்தப் பிழையைப் பற்றி, அந்த நூலக நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006இல் எழுதியதைப் படித்திருந்தேன். வித்தியாசத்தில் பாதியைக் கீழ் எல்லையோடு கூட்டினால் போதும் என்று, தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே திருத்தினேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். ஐந்தில் நிம்மதியாக முடிந்த சுற்று அது ஒன்றுதான்.

இரண்டு வாரம் கழித்து ரெக்ரூட்டர் அழைத்து, இந்த முறை இல்லை என்றார். காரணம் சொல்ல நிறுவனம் அனுமதிப்பதில்லையாம். நியாயமா என்று சில நாள் பொருமினேன். சக ஊழியரின் நிரலை மௌனமாகத் திருத்திவிட்டு, ஏன் திருத்தினேன் என்று ஒரு வரிகூட எழுதாமல் விட்டதற்காக என் குழுத்தலைவர் முன்பே கடிந்துகொண்டது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இப்போது இரவில் கதவைச் சாத்திக்கொண்டு சுவரிடம் லிங்க்ட் லிஸ்ட்டை விளக்கிக்கொண்டிருக்கிறேன். முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில்.