புறக்கோட்டையில் ஒரு குளிர் ஜாக்கெட்

"இது வேணாம் மகன். இத போட்டுட்டு ரோட்டுல போக ஏலா."

கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஜாக்கெட்டை என் கையிலிருந்து வாங்கி, மடிக்கக்கூட இல்லாமல் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய சரக்கோடு கலந்து வந்ததாம். கொழும்புக் கடைத்தெருவான புறக்கோட்டையின் வெயிலில் வியர்த்துக்கொண்டே நான் அரை மணி நேரம் குடைந்து எடுத்த ஜாக்கெட் அது.

பிறந்து வளர்ந்தது திருப்பூர். எனக்கு முதலில் கண்ணில் படுவது தையல்தான். அருமையான தையல். வெளிப்பக்கம் இலையும் சுள்ளியும் அச்சடித்த துணி, திருப்பிப் போட்டால் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு. அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கான சரக்கு. அங்கே பல மாநிலங்களில் துப்பாக்கியோடு காட்டுக்குள் போகிறவர் ஆரஞ்சு அணிய வேண்டும் என்று சட்டமே உண்டு, இன்னொரு வேட்டைக்காரர் தவறிச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக. மானுக்கு ஆரஞ்சும் பச்சையும் பிரித்துத் தெரியாது, அதனால் வேட்டையும் கெடாது. கையை அசைத்தால் சரசரக்காதபடி மேல்துணியைப் பஞ்சுபோல உரசி எடுத்திருந்தார்கள். நான் ஆரஞ்சுப் பக்கத்தை வெளியே போட்டுக்கொள்கிறேன் என்று பேரம் பேசிப் பார்த்தேன். நானா தலையாட்டவே இல்லை. "செக்கிங்ல உள்பக்கத்தப் பாக்க மாட்டானா?"

பட்டாள உடுப்பு மாதிரியான துணியைப் பொதுமக்கள் போடுவது இலங்கையில் தடை. எங்கள் ஊர் பிளாட்பாரத்தில் அதே அச்சில் கால்சட்டை மலைபோலக் குவிந்து கிடக்கும். காய்கறி வண்டி தள்ளுகிறவர் முதல் காலேஜ் பையன் வரை போட்டுத் திரிவார்கள். அந்த நினைப்பில் மறுநாள் ஆபிசில் இதை ஒரு தமாஷாகச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். யாழ்ப்பாணத்துத் தங்கை ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணா, அந்தத் துணி எங்கட வீட்டுக் கொடியில காய்ஞ்சாலே அம்மாவுக்கு நித்திரை வராது" என்றாள். சண்டை 2009-லேயே முடிந்துவிட்டது என்று எனக்கும் தெரியும், செய்தியாக. வெள்ளவத்தையில் வீடு, வாசலில் தமிழ், மளிகைக் கடையில் தமிழ், கோயிலில் தமிழ். இதெல்லாம் இருந்தால் ஊர்க்காரனாகி விட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவளிடம் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் டீ வாங்கப் போய்விட்டேன்.

முப்பது டிகிரி கொழும்பில் ஜாக்கெட் எதற்கு என்று கேட்பீர்கள். அம்மாவும் போனில் அதைத்தான் கேட்டாள். ஆபிசில் எல்லாரும் சிவனொளிபாத மலைக்குப் போகிறோம். 2,243 மீட்டர். டிசம்பர் போயாவில், அதாவது பௌர்ணமியில், தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரை சீசன். அட்டன் டவுனில் இறங்கி, மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போய், ராத்திரியெல்லாம் படியேறி, உச்சியில் சூரிய உதயத்துக்குக் காத்திருக்க வேண்டும். படிகள் ஐயாயிரத்துக்கு மேல். உச்சியில் விடியலுக்கு முன் பத்து டிகிரிக்குக் கீழே இறங்குவதுண்டு, காற்று வேறு.

இங்கேதான் ஜாக்கெட் விஷயம் சிக்கலாகிறது. ஏறும்போது குளிராது, கொட்டும் வியர்வை. நின்றதும் அந்த ஈரமே ஆளை நடுங்க வைக்கும். அதனால் உள்ளே பருத்தி பனியன் ஆகாது. பனியன் ஊரில் பிறந்தவன் இதைச் சொல்ல வாய் கூசுகிறது, ஆனால் உண்மை. பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சீக்கிரம் காயும் பாலியெஸ்டர்தான் சரி. ஜாக்கெட்டில் வாத்து இறகு வைத்தது எடைக்கு எடை அதிகச் சூடு தரும், உள்ளங்கை அளவுக்குச் சுருளும். ஆனால் நனைந்தால் இறகு ஒட்டிக்கொண்டு உப்பல் போய்விடும். அந்த உப்பலுக்குள் அடைபடும் காற்றுதானே சூடு? மூடுபனியும் மழையும் உள்ள மலைக்குச் செயற்கைப் பஞ்சு அடைத்ததுதான் புத்திசாலித்தனம், ஈரமானாலும் ஓரளவு காப்பாற்றும். ஒரு சதுர மீட்டருக்கு 60 கிராம் பஞ்சு போதும். 100, 133 எல்லாம் பனி விழும் நாட்டில் அசையாமல் உட்காருகிறவர்களுக்கு. ஏறும்போது பையில், உச்சியில் உடம்பில், அவ்வளவுதான் சூத்திரம்.

அப்பா இதைக் கேட்டால் சிரிப்பார். வெள்ளியங்கிரி ஏழு மலையையும் வேட்டி, மூங்கில் தடி, தலையில் கட்டிய துண்டோடு ஏறியவர். ஏழாவது மலையில் பல் கிடுகிடுக்க நான் நின்றபோது அந்தத் துண்டை அவிழ்த்து என் காதோடு சேர்த்துக் கட்டிவிட்டார். அவர் காதுக்கு என்ன செய்தார் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். துண்டிலிருந்து வந்த விபூதியும் வியர்வையும் கலந்த வாசனை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

சரி, கடைசியில் நானாவே இன்னொரு பொதியைப் பிரித்துக் கருநீல ஜாக்கெட் ஒன்றை எடுத்துத் தந்தார். மெல்லிசு, செயற்கைப் பஞ்சு, தன் பாக்கெட்டுக்குள்ளேயே மடங்குகிறது. ஓரத்தில் ஒரு தையல் விட்டிருந்தது, அதனால்தான் செகண்ட்ஸ். வீட்டில் ஊசி நூல் இருக்கிறது. விலையை இப்போதெல்லாம் நான் இந்திய ரூபாய்க்கு மாற்றிப் பார்ப்பதில்லை, பழகிவிட்டது. ஆனாலும் அன்றைக்கு மட்டும் வகுத்துப் பார்த்ததில் திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளில் இதே சரக்கு இன்னும் மலிவாகக் கிடைத்திருக்கும் என்று தெரிந்தது. அம்மாவிடம் பாதி விலைதான் சொன்னேன். அதற்கே, "ஏமாந்துட்டியேடா" என்றாள்.

மலைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை ஆபிஸ் ஏசியில் அதைத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "மலைக்குப் போறதுக்குள்ள தேச்சிருவீங்க போல, அண்ணே" என்கிறான் அட்டன் பையன். அவன் ஜாக்கெட்டே கொண்டுவரப் போவதில்லையாம்.