ஐஸ்லாந்துக்கு எந்த மாதம்? ஓர் உப்புவெளிக்காரனின் கணக்கு

"எப்ப வந்தால் நல்லது?"

என் தொழிலில் பாதி இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவதுதான். திருகோணமலைக்குப் பக்கத்தில், உப்புவெளியில் ஆறு அறையோடு ஒரு சின்ன விடுதி நடத்துகிறேன். ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரைக்கும் சோளகம் வீசும். அது தரைப் பக்கமிருந்து வருவதால் எங்கள் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். ஒக்டோபர் கழிந்தால் வாடை தொடங்கிவிடும், கூடவே மாரி மழையும். டிக்கெட் மலிவு என்று டிசெம்பரில் வந்து, விறாந்தையில் இருந்து நாலு நாளும் மழையையே பார்த்துவிட்டுப் போன ஒரு வயதான தம்பதியை இன்னும் மறக்கவில்லை. அவர்கள் என்னிடம் முன்கூட்டியே கேட்கவில்லைதான். ஆனாலும் நானே ஏமாற்றிவிட்டது போல இருந்தது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் மாதத்தை உடனே சொல்லமாட்டேன். என்ன பார்க்க வருகிறீர்கள் என்று முதலில் கேட்பேன். நீலத் திமிங்கிலம் என்றால் மார்ச், ஏப்ரல். புறாத்தீவில் முருகைக்கல் பார்க்க என்றால் மே தாண்ட வேண்டும். இரண்டும் ஒரே கிழமையில் வேண்டும் என்றால் அது அதிர்ஷ்டம், அதற்கு நான் பொறுப்பெடுக்க ஏலாது.

நோர்வேயில், ஒஸ்லோவில் இருக்கிற அக்கா, "டேய், ஒருக்கா ஐஸ்லாந்து போவம், நான் கூட்டிக்கொண்டு போறன்" என்று சொன்னபோது, அதே கேள்வி என் பக்கம் திரும்பியது.

எனக்கு ஓய்வு ஒக்டோபர் தொடக்கம் பெப்ரவரி வரை. அக்காவுக்கு லீவு ஜூலை. இரண்டும் பொருந்தாது. ஆனால் தேதிச் சண்டைக்கு முன்னால், அந்தத் தீவில் எந்தக் காலத்தில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு மாதம் இரவு இரவாகப் படித்தேன்.

முதலில் விளங்க வேண்டியது வெளிச்சம். திருகோணமலையில் வருசத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலம்தான். அதனால் பொழுது என்பதை நாங்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஐஸ்லாந்தின் தலைநகர் ரேக்யவிக் 64 பாகை வடக்கில் இருக்கிறது. ஜூன் 21 அளவில் அங்கே சூரியன் நடுச்சாமம் தாண்டி மறைந்து, மூன்று மணிக்கு முன்னமே எழும்பிவிடும். இடையில் இருட்டே இல்லை, மங்கல் மட்டும். டிசெம்பரில் நேர் எதிர். காலை 11 மணி கழிந்து விடியும், பின்னேரம் மூன்றரைக்குப் பொழுது பட்டுவிடும். நாலு மணித்தியாலப் பகல். குளிரைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுத்துவார்கள். உண்மையில் கடலில் வரும் சூடான நீரோட்டத்தால் ரேக்யவிக்கின் ஜனவரிச் சராசரி பூச்சியம் பாகை அளவில்தான் நிற்கிறது. ஒஸ்லோ அதைவிடக் குளிர் என்று அக்காவே சொன்னா. திட்டத்தைக் குழப்புவது குளிரில்லை. வெளிச்சமும் காற்றும்தான்.

ஜூன், ஜூலை என்றால் வரவு நிறைய. உள்நாட்டு மலைப்பாதைகள் ஜூன் நடுவுக்குப் பிறகுதான் பனி உருகி ஒவ்வொன்றாகத் திறக்கும். வீதி இலக்கத்துக்கு முன்னால் 'எஃப்' என்று போட்டிருக்கும், நாலு சக்கரமும் இழுக்கிற வாகனம் இல்லாமல் அவற்றில் போகக் கூடாது. லாண்ட்மன்னலாய்கரின் நிறநிற மலைகளை நாமே ஓட்டிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டுமானால் அந்தக் கோடையை விட்டால் வழியில்லை. பஃபின் பறவையும் அப்படித்தான். ஏப்ரல் கடைசியில் கரைக்கு வந்து, ஓகஸ்ட் நடுவோடு கடலுக்குப் போய்விடும். உலகத்து அட்லாண்டிக் பஃபின்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு நாட்டில் முட்டையிடுகின்றன. வெஸ்ட்மன் தீவுகளில், கோடை முடிவில் குஞ்சுகள் முதன்முதல் பறக்கும்போது ஊர் வெளிச்சத்தில் மயங்கித் தெருவில் விழுமாம். அங்குள்ள பிள்ளைகள் இரவில் தேடித் திரிந்து, காட்போட் பெட்டியில் வைத்திருந்து, விடிய கடலில் விடுவார்களாம். எங்கள் கரையிலும் ஆமைக்குஞ்சு கடலை விட்டு விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து ஊர்வதைக் கண்டிருக்கிறேன். அதை வாசித்த இரவு ஓகஸ்டுக்கே போய்விடலாமா என்று மனம் தடுமாறியது.

ஆனால் ஜூன், ஜூலையை அம்மா ஒரு கேள்வியால் தள்ளிவைத்துவிட்டா.

"பொழுதே படாத ஊரில எப்பயடா விளக்கு வைக்கிறது?"

அம்மாவுக்கு அது வெறும் சந்தேகம். எனக்கு அதிலிருந்துதான் தெளிவு வந்தது. நான் அவ்வளவு தூரம் போக ஆசைப்படுவது இரவுக்காக. சின்ன வயதில் ஒரு பழைய சஞ்சிகையின் நடுப்பக்கத்தில் துருவ ஒளியின் படம் பார்த்தேன். பச்சைச் சேலையை வானத்தில் உதறிப் போட்டது போல. அது கோடையிலும் மேலே எரிந்துகொண்டுதான் இருக்கும், இருட்டில்லாததால் கண்ணுக்குத் தெரியாது. ஓகஸ்ட் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரைதான் பார்க்கலாம். என் பயணத்துக்கு இரவு வேண்டும் என்பது அந்த இடத்தில் முடிவாகிவிட்டது. பஃபினையும் மலைப்பாதையையும் விட்டுக்கொடுத்தேன். திமிங்கிலத்துக்கு வடக்கே ஹூசவிக் வரை கோடையில் எல்லோரும் போகிறார்கள். எனக்கு அது மூக்குக்கு முன்னால், கோணேசர் மலையில் நின்றாலே சில நாள் தெரியும். அதை விடுவதில் கவலையே இல்லை.

மிஞ்சியது செப்டெம்பரா, குளிர்காலமா, மார்ச்சா என்பது. டிசெம்பர், ஜனவரியில் இரவு தாராளம். ஆனால் புயல் வந்தால் வீதியை மூடிவிடுவார்கள், நாலு மணிநேரப் பகலில் இரண்டு நாள் அப்படிப் போனால் பயணமே போச்சு. மார்ச்சை நான் மதிக்கிறேன். பகலும் இரவும் அளவாக இருக்கும், வத்னயோகுல் பனியாற்றின் அடியில் இயற்கையாக உண்டாகும் நீலப் பனிக்குகைகளுக்குள் போகவும் அதுதான் கடைசி வாய்ப்பு. நவம்பர் தொடக்கம் மார்ச் வரைதான் அவை பாதுகாப்பு. பனி மேல் ஆசை இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மார்ச் போகலாம். எனக்கோ பனியில் வாகனம் ஓட்டிப் பழக்கமில்லை. அக்காவும் மலைப்பனியில் ஓட்டப் பயம் என்றா.

அதனால் செப்டெம்பர் நடுப்பகுதி. பாதையில் பனி இருக்காது, இரவு திரும்பி வந்திருக்கும், ஐரோப்பாவில் பள்ளிக்கூடம் தொடங்கிவிடுவதால் சனமும் குறையும். அதே காரணத்தால் என் விடுதியிலும் அறைகள் காலியாகத் தொடங்கும். தம்பி பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். சமஇரவு நாளை ஒட்டிய கிழமைகளில் துருவ ஒளி கொஞ்சம் கூடவே வருகிறது என்பதும் ஒரு காரணம். கடைசியாக எங்கள் கலண்டரை எடுத்து அமாவாசை பார்த்தேன். நிலா வெளிச்சத்தில் மெல்லிய ஒளி அடிபட்டுப் போகும். 2023 செப்டெம்பரில் அமாவாசை 15 ஆம் தேதி வாக்கில் வந்தது. 12 இலிருந்து 20 வரைக்கும் என்று டிக்கெட் எடுத்தோம்.

விசா வேலை சீசனை விடப் பெரிய தலையிடி, அதற்குத் தனியாக எழுத வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும் (ஐஸ்லாந்து, நோர்வே உட்பட ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான விசா), பயணத்துக்கு ஆறு மாதம் முன்னமே விண்ணப்பிக்கலாம், 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி கட்டாயம். எந்த நாட்டில் கூடுதல் நாள் நிற்கிறோமோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், எனக்கு அது நோர்வே. மாதத்தை நேரத்தோடு முடிவெடுத்தபடியால்தான் இது பதறாமல் நடந்தது.

கெப்லாவிக் விமான நிலையத்தில் இறங்கி வாடகைக் கார் எடுக்கும்போது, சாவி தந்த பெடியன் சொன்ன முதல் விசயம் கதவைப் பற்றி. திறக்கும்போது கையால் இறுக்கிப் பிடி, நிறுத்தும்போது காருடைய மூக்கைக் காற்றுக்கு நேரே வை என்றான். காற்று கதவைப் பிடுங்கி முன்பக்கம் மடக்கிவிடுமாம், அந்தச் சேதத்துக்குப் பெரும்பாலும் காப்புறுதி கிடையாது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. நங்கூரம் போட்ட வள்ளம் தானாகவே காற்றைப் பார்த்துத் திரும்பி நிற்கும், அதே பாடம். அன்றிலிருந்து காலை எழும்பியதும் வெப்பநிலை பார்ப்பதை விட்டுவிட்டேன். அவர்களின் வானிலைப் பக்கத்தில் காற்று செக்கனுக்கு இத்தனை மீற்றர் என்று போட்டிருக்கும். 15 தாண்டினால் யோசிப்போம், 20 என்றால் கிளம்பவே மாட்டோம். 20 என்றால் மணிக்கு 72 கிலோமீற்றர். ஒரு நாள் முழுக்க ஒரு பண்ணை வீட்டில் அப்படி அடைந்து கிடந்தோம். செப்டெம்பரில் போகிறவர்களுக்கு இதை மறைக்கக் கூடாது. எட்டு நாளில் ஐந்து நாள் மழை. எங்கள் மாரி போலக் கொட்டாது. குறுக்காக வந்து முகத்தில் ஊசி போலக் குத்தும், குடை பிடிக்கவே ஏலாது.

அந்த மழையிலும் நான் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. கோடை முழுக்க ஆடுகளை மலையில் மேய விட்டுவிட்டு, செப்டெம்பரில் ஊரே திரண்டு குதிரையில் போய் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். ஒரு சனிக்கிழமை வழியில் அப்படி ஒரு பட்டியைக் கண்டு காரை நிறுத்தினோம். நடுவில் வட்டமான முற்றம், அதைச் சுற்றி வண்டிச்சில்லின் ஆரக்கால் போலப் பிரித்த அறைகள், ஒவ்வொரு பண்ணைக்கும் ஒன்று. ஆயிரக்கணக்கான ஆடு நடுவில் நெரிபடுகிறது. பத்து வயதுப் பிள்ளையிலிருந்து தாத்தா வரை உள்ளே இறங்கி, காதுக் குறியைப் பார்த்து, ஆட்டின் மேல் கால் இரண்டையும் போட்டுக் கொம்பைப் பிடித்துத் தங்கள் அறைக்கு நடத்திக்கொண்டு போகிறார்கள். நனைந்த ஆட்டு மயிரின் மணமும் கோப்பி மணமும் சேர்ந்து அடித்தது. தம்பலகாமத்தில் எங்கள் மாமா, வயல் விதைக்கிற காலத்தில் மாடுகளைக் காட்டுப் பக்கம் அனுப்பி, வெட்டு முடிந்து திரும்பக் கொண்டுவந்து குறி பார்த்துப் பிரிப்பார். நான் சின்னவனாக வேலியில் ஏறி இருந்து பார்த்த அதே காட்சி. அக்கா என் தோளைப் பிடித்தபடி, "மாமா இருந்திருக்க வேணுமடா" என்றா. அழுதுவிட்டா.

இன்னொன்று கிரின்டவிக். கடலோர மீன்பிடி ஊர். போன முதல் நாள் துறைமுகத்தடியில் மீன் சூப் குடித்தோம். வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் இலங்கை எங்கே இருக்கிறது என்று கேட்டு, சுனாமி என்றதும் தலையை ஆட்டினார். இரண்டு மாதம் கழியவில்லை, நவம்பர் 10 இரவு நிலம் அதிர்ந்து வெடித்து, நாலாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான அந்தச் சனம் முழுவதையும் எழுப்பி வெளியேற்றினார்கள். டிசெம்பரில் எரிமலை பக்கத்திலேயே பிளந்தது. உப்புவெளியில் இருந்து கைபேசியில் அந்தத் தெருக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த மாதம் என்று தேடுகிறவர்கள் எரிமலை அறிவிப்பையும் கிளம்பும் கிழமையில் கட்டாயம் பாருங்கள், அதற்குச் சீசன் கிடையாது.

துருவ ஒளி ஐந்தாம் இரவுதான் வந்தது. முதல் நாலு இரவும் முகில். அவர்களின் முகில் வரைபடத்தில் பச்சை என்றால் மூடியிருக்கிறது, வெள்ளை என்றால் திறந்த வானம். வீக் என்ற ஊருக்குக் கிழக்கே ஒரு வெள்ளைப் பொட்டைக் கண்டு, சாப்பாட்டைப் பாதியில் விட்டு நாற்பது நிமிடம் ஓடினோம். விளக்கை அணைத்துவிட்டு நின்றோம். முதலில் வடக்கே சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று, அடுப்புப் புகை போல. முகில் என்றே நினைத்தேன். கைபேசியை மூன்று செக்கன் ஆடாமல் பிடித்துப் படமெடுத்தபோது அது பச்சையாக வந்தது. பிறகு கண்ணுக்கே பச்சையாகி, நடு உச்சிக்கு ஏறி, அடி விளிம்பு மெல்ல நெளியத் தொடங்கியது. சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய அசைவுக்கு ஏதாவது சத்தம் வரும் என்று காது தானாகக் காத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அக்கா கையுறையோடு கைகூப்பி "கோணேசா" என்றா. பதினைந்து நிமிடம் இருக்கும், முகில் திரும்ப மூடிவிட்டது.

ஒவ்வொரு நாளும் அங்கே பகல் 12.45க்கு அம்மாவுக்கு எடுப்பேன். ஊரில் அப்போது ஆறே கால், விளக்கு வைத்து முடித்திருப்பா. அடுத்த நாள் எடுத்தபோது, "இரவு வந்ததாடா?" என்று கேட்டா. வந்தது என்றேன்.

அக்கா இப்போது பஃபின் பார்க்க ஜூன் என்று தொடங்கியிருக்கிறா. ஜூனில் என் ஆறு அறையும் நிறைந்திருக்கும். மார்ச்சில் பனிக்குகைக்குப் போவோம் என்று நான் சொல்ல, பங்குனியில் கோயில் கொடியேறும் காலத்தில் ஊரை விட்டுப் போவதா என்று அம்மா மறித்துவிட்டா. கலண்டர் மேசையில் திறந்தபடி கிடக்கிறது. பெப்ரவரி அமாவாசையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். பனியில் ஓட்ட அக்காவை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்றுதான் பார்க்க வேண்டும்.