மாமாவின் காணி உறுதியை மீட்ட கதை

ஹட்டனில் மாமாவின் கடைக் காணி உறுதி 2011 இல் வங்கிக்குப் போனது. 2025 நவம்பரில்தான் திரும்பி வந்தது. நான் வைத்தியராவதற்காக வாங்கிய கடனுக்கு அது ஈடாக இருந்தது.

உயர்தரப் பரீட்சையில் என் இஸட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் மதிப்பெண்), மருத்துவ பீட வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. அரச பீடத்தில் இடம் கிடைத்திருந்தால் கற்பித்தல் கட்டணமே இருந்திராது. என் பெற்றோர் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்தார்கள். நாங்கள் பரம்பரையாகக் குடியிருந்த லயன் அறை தோட்டத்துக்குரியது என்பதால், ஈடு வைக்க எங்கள் பெயரில் ஓர் உறுதியும் இல்லை. அம்மா ஐம்பது வயதில் எடுத்த சேமலாப நிதி, நான் மருத்துவம் படிக்கப் போன சீனாவில் முதலாண்டுச் செலவுக்கே போதவில்லை. நகைகள் அடகுக்குப் போன பின்னர் மாமா தன் உறுதியைக் கொடுத்தார். ஆசிரியையான சித்தி பிணை நின்றார்.

பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் பெற்றோர் படிப்புக் காலத்தை மட்டுமே கணக்கிடுகிறார்கள். உண்மையில் எங்களை நெருக்கியது அதற்குப் பிந்திய காலம். 2017 இல் திரும்பியதும், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கு இலங்கை மருத்துவ சபை நடத்தும் ஈ.ஆர்.பி.எம். பரீட்சையில் தேறினால்தான் உள்ளகப் பயிற்சி என்ற நிலையில், இரண்டாம் முறைதான் முழுமையாகச் சித்தியடைந்தேன். பயிற்சி நியமனத்துக்கும் காத்திருந்தேன். ஒரு ரூபாய் வருமானமும் இல்லாத அந்த இரண்டரை ஆண்டில் வட்டி முதலோடு சேர்ந்துகொண்டே போனது.

எங்கள் கடன் மாறும் வட்டி வீதத்தில் எழுதப்பட்டிருந்தது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியதைத் தொடர்ந்து, என் மாதத் தவணை 46,000 ரூபாயிலிருந்து படிப்படியாக 71,000 ரூபாயானது. 2023 ஜனவரியில் வருமான வரியும் கூடியது. மூன்று தவணைகள் தவறின. வங்கியின் கடிதம் எனக்கு வருமுன் பிணையாளருக்குப் போயிருந்தது. சித்தி அதை என்னிடம் கொண்டு வந்து, “இதப் பாத்துக்க மகள்” என்று மட்டும் சொன்னார். வேறொன்றும் கேட்கவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதுவரை தொலைபேசியில்தான் அவகாசம் கேட்டுவந்தேன், பலனில்லை. பின்னர் ஆறு மாதச் சம்பளப் பட்டியல், வீட்டுச் செலவுக் கணக்கு, என்னால் மாதந்தோறும் கட்டக்கூடிய தொகை ஆகியவற்றுடன் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் பிராந்திய முகாமையாளருக்கு அனுப்பினேன். ஐந்து வாரங்களில் பதில் வந்தது. தண்டவட்டியைத் தள்ளுபடி செய்து, நிலுவையைப் பிரித்துக் கட்டச் சம்மதித்தார்கள். அத்துடன் நிலையான வட்டி வீதத்துக்கு மாறும்படியும் கேட்டார்கள். வட்டி உச்சத்தில் இருக்கும் நேரத்தில் கையெழுத்திட்டால் அதிலேயே கட்டுண்டுவிடுவேன் என்று அஞ்சி மறுத்தேன். நான் எடுத்தவற்றில் மிகச் சரியான முடிவு அதுவே. 2023 ஜூனிலிருந்து வீதங்கள் இறங்கின. தவணை தானாகக் குறையாததால், அதையும் எழுத்தில் கேட்டே குறைக்க வேண்டியிருந்தது. குறைந்த பின்னரும் பழைய தொகைக்கு மேலாகவே கட்டினேன். சீட்டுப் பணம் கிடைத்தபோது அதையும் கடனின் முதல்தொகையில் கழித்தேன்.

அதற்கான பணம் வாரத்தில் ஆறு மாலைகள் நகரத்துத் தனியார் சிகிச்சை நிலையத்தில் நோயாளரைப் பார்த்ததில் வந்தது. எங்கள் தோட்டத்தில் நீரிழிவு நோயாளருக்கு ஞாயிறு தோறும் இலவசமாகப் பரிசோதனை செய்ய எண்ணியிருந்தேன். ஓய்வுக்கென எஞ்சிய அந்த ஒரு நாளையும் கொடுக்க உடல் இடம் தராததால், அது ஆண்டுக் கணக்கில் தள்ளிப்போனது. இந்தக் கடனில் எனக்கு மிகவும் வலித்த இழப்பு அதுதான். கடந்த மாதம் அதைத் தொடங்கிவிட்டேன்.

கடைசித் தவணையுடன் வேலை முடிவதில்லை. ஈட்டு விடுவிப்பைக் காணிப் பதிவகத்தில் பதிந்த பின்னரே உறுதி மாமாவின் கைக்கு வந்தது. அவர் கடை வெளிச்சத்தில் அதைப் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு, “சித்தியோட பிணை இரத்தானதுக்கும் கடிதம் வாங்கினியா?” என்று கேட்டார். வாங்கியிருந்தேன்.