மேப்பிரிவா கீப்பிரிவா: நான் சிலோன் போன கதை

(தோட்டத்துப் பேரு, ஊர்ப் பேரு, ஆளுங்க பேரு எதையும் போடல. எல்லாரும் அங்கதான் இருக்காங்க, நாளைக்கு என்னைய போன் போட்டு திட்டுவாங்க.)

பிப்ரவரி 21, 2024, புதன்

சென்னை ஏர்போர்ட்ல உக்காந்து எழுதுறேன், கை இன்னும் நடுங்குது. இந்தியாக்காரங்களுக்கு மார்ச் 31 வரைக்கும் விசா காசு கிடையாதுன்னு இலங்கையில அறிவிச்சிருக்காங்கள்ல, அத நம்பித்தான் இந்த மாசமே கெளம்புனேன், ஆனா காசுதான் கிடையாது, அப்ளை பண்ணியே ஆகணும். நானும் பண்ணேன், அப்ரூவலும் வந்துச்சு, பிரிண்ட் எடுத்து பைல் போட்டு வச்சேன், கவுன்டர்ல அந்தப் பொண்ணு பாஸ்போர்ட்டயும் பேப்பரையும் மாத்தி மாத்தி பாத்துட்டு "மேடம், இது உங்க நம்பர் இல்லையே"ங்குது. கடைசி ரெண்டு நம்பரும் இடம் மாறிக் கெடக்கு. டைப் பண்ணதும் நான், செக் பண்ணதும் நான். ஓரமா நின்னு போன்ல மறுபடி முதல்லேர்ந்து போட்டு, மெயில் வரவரைக்கும் இருவது நிமிஷம் எல்லா சாமியும் ஞாபகம் வந்துச்சு. வந்துருச்சு.

அம்மாகிட்ட சொல்லல. சொன்னா "அன்னைக்கு எங்களுக்கும் பேப்பர்தான் பிரச்சினை"ன்னு ஆரம்பிச்சுடும்.

தெரியாதவங்களுக்கு: எங்கம்மா பொறந்தது இலங்கை மலையகத்துல, மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல. 1964ல சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துல 5,25,000 பேர இந்தியாவுக்கு அனுப்புறதுன்னு எழுதுனாங்கல்ல, அதுல ஒரு தலை எங்கம்மா. 1974ல வந்தப்ப வயசு பன்னெண்டு. தலைமன்னார் வரைக்கும் கோச்சி (ரயிலத்தான் அப்படி சொல்லுவாங்க), அங்கேர்ந்து ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் கேம்ப், அப்புறம் கோத்தகிரி. அங்க தோட்டத்த விட்டுட்டு வந்து இங்கயும் தோட்டந்தான், கொழுந்துதான். நான் பொறந்தது கோத்தகிரி. அம்மா திரும்பிப் போனதே இல்ல, முட்டிவலி, இனிமே போகவும் முடியாது. அதான் நான்.

பிப்ரவரி 22, வியாழன்

இன்னைக்கு நடந்தத நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

நாளைக்கு போயா லீவு, அதாவது பௌர்ணமி லீவு, சனி ஞாயிறோட சேந்து மூணு நாள், சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் வேற, ரிசர்வேஷன் எல்லாம் எப்பவோ காலி. கொழும்பு கோட்டை ஸ்டேஷன்ல காலை 5:55 பொடி மெனிக்கே ரயில்ல மூணாங்கிளாஸ் டிக்கெட் எடுத்து நின்னுக்கிட்டே வந்தேன். பேராதனை தாண்டி கண்டி வந்துச்சு, பாதி கூட்டம் எறங்குச்சு, ஜன்னல் சீட் கெடச்சுது. அப்பாடான்னு உக்காந்து பத்து நிமிஷம்தான் இருக்கும், வண்டி வந்த பக்கமாவே திரும்பிப் போக ஆரம்பிச்சிருச்சு! எனக்கு பக்குன்னு ஆச்சு. பக்கத்துல இருந்தவர்கிட்ட கேட்டா சிங்களத்துல என்னமோ சொல்லி சிரிச்சாரு, எனக்கு தெரிஞ்ச ஒரே வார்த்தை "ஹரி ஹரி", சரி சரின்னு அர்த்தம், அதையே சொல்லிட்டேன். பாத்தா கொஞ்ச நேரத்துல மறுபடியும் அதே பேராதனை போர்டு, மூணு பாஷையிலயும் எழுதி வச்சிருக்கான், சந்தேகத்துக்கே இடமில்ல. இது கொழும்புக்கே போகுதுன்னு முடிவு பண்ணி பேக்க தூக்கிட்டு குதிச்சுட்டேன்.

வண்டி கெளம்பிப் போனப்பறம் பிளாட்பாரத்துல இருந்த ஒரு பெரியவர்கிட்ட கேட்டா, "இல்ல மகள், அது பதுளைக்கு தானே போகுது, கண்டிக்குள்ள போயிட்டு திரும்பி வந்துதான் மலைக்கு ஏறும்"ன்னாரு, நல்ல தமிழ்ல. அப்பத்தான் கை காலியா இருக்கறது தெரியுது. மேல ரேக்குல வச்ச துணிப்பை வண்டியோட போயிருச்சு. அதுல ரெண்டு கிலோ வர்க்கி. ஊட்டி வர்க்கி, அம்மா முந்தா நாள் நேர்ல போய் சூடா வாங்கிட்டு வந்தது, "சொந்தக்காரங்க வீட்டுக்கு வெறுங்கையோடயா போவ"ன்னு. பதுளையில யாரோ நல்லா சாப்பிட்டிருப்பாங்க.

அங்கேர்ந்து பஸ்ஸு. கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை, ஒத்தக் கால்ல நின்னு ஹட்டன். வளைவுல டிரைவர் ஸ்டியரிங்க ஒடிக்கிற ஒடிக்கு முன்னாடி தொங்குற புத்தர், பிள்ளையார் ரெண்டு பேரும் முட்டிக்கிறாங்க. லாட்ஜ்ல குளிர் கோத்தகிரி குளிரேதான். ஊர விட்டு வந்த மாதிரியே இல்ல.

பிப்ரவரி 23, வெள்ளி, போயா

அம்மாவோட பழைய பேமிலி கார்டு ஜெராக்ஸ்ல தோட்டத்துப் பேரு இங்கிலீஷ்ல இருக்கு, யாரோ வெள்ளைக்காரன் அவன் ஊர்ப் பேர வச்சது. ஹட்டன்ல த்ரீவீல் தம்பிகிட்ட காட்டுனேன், "தெரியும் அக்கா, ஏறுங்க"ன்னான். காசல்ரீ தண்ணிய சுத்தி, நோர்வூட் தாண்டி, ஒன்றரை மணி நேரம் கழிச்சு ஒரு பேக்டரி வாசல்ல நிறுத்துனான். வாட்சர் கேட்டாரு, "எந்த டிவிசன்?" மேப்பிரிவுன்னேன், அம்மா அப்படித்தான் சொல்லும். மேல ஏத்தி விட்டாங்க, மூணு லயம் (வரிசையா ஒட்டிக் கட்டுன தொழிலாளி வீடுங்க), போயா லீவுங்கறதால எல்லாரும் வீட்லதான், வந்து சுத்தி நின்னுட்டாங்க. தாத்தா பேர சொல்றேன், பாட்டி பேர சொல்றேன், ஒருத்தருக்கும் தெரியல. ஒரு பாட்டி "எங்க ஆளுக இல்ல"ன்னு சொல்லி சாயத்தண்ணி குடுத்துச்சு, வெறும் சாயம், ஓரத்துல சீனி தனியா உள்ளங்கையில. எங்கம்மாவும் இப்படித்தான் சீனிய நக்கி நக்கி குடிக்கும், நாங்க கிண்டல் பண்ணுவோம்.

விஷயம் என்னன்னா 1972க்கு அப்பறம் அரசாங்கம் எடுத்தப்பவும் அதுக்குப் பின்னாடியும் சின்னச் சின்ன தோட்டத்தையெல்லாம் ஒண்ணா சேத்துட்டாங்க, அன்னைக்கு ஒரு தோட்டத்துக்கு மேப்பிரிவா இருந்தது இன்னைக்கு இன்னொண்ணுக்கு கீப்பிரிவு. கார்டுல உள்ள பேரு இப்ப மொத்தத்துக்கும் பேரு. கோயில் மேட்டுல ரெண்டு கட்டை சிக்னல் கெடச்சுது, அம்மாவுக்கு அடிச்சேன். "தமிழ்ல என்னம்மா சொல்வீங்க அந்த எடத்த?" பட்டுன்னு சொல்லுச்சு, ஒத்த வார்த்தை. நாப்பது வருஷமா "தோட்டம்"னு மட்டுமே சொல்லிட்டிருந்த மனுஷி! கூட்டமே ஒண்ணா "அட, அத முதல்ல சொல்லக்கூடாதா"ன்னுச்சு. இங்க ஒவ்வொரு தோட்டத்துக்கும் ரெண்டு பேரு, காகிதத்துல ஒண்ணு வாயில ஒண்ணு. காகிதத்த நம்புனது என் தப்பு.

அம்மா சொன்ன எடம் எதிர்ல இருக்கற மலையில. குறுக்கு வழின்னு ஒரு பையன் கூட்டிட்டுப் போனான், தேயிலை தூருக்கு நடுவுல கான் (தண்ணி ஓடற வாய்க்கா) வெட்டியிருக்கறது புல்லு மூடித் தெரியல, கால விட்டேன். கணுக்கால் பன்னு மாதிரி வீங்கிருச்சு. டிஸ்பென்சரி மூடியிருக்கு, போயா. த்ரீவீல் தம்பி வெயிட்டிங் சேத்து 7,500 வாங்கிட்டு, நம்ம காசுக்கு ரெண்டாயிரம், "பத்திரம் அக்கா"ன்னுட்டு போயிட்டான்.

ஆனா வீடு கெடச்சுது.

பிப்ரவரி 24, சனி

அம்மாவோட பெரியப்பா மக, எனக்கு பெரியம்மா முறை. அண்ணன் தம்பி ரெண்டு பேர்ல தம்பி இந்தியாவுக்கு எழுதிக் குடுத்தாரு, அண்ணன் சிலோனுக்கு. அவ்வளவுதான் வித்தியாசம். இவங்க இன்னும் அதே லயம், பத்துக்குப் பன்னெண்டடி காம்பரா (ரூமு), முன்னாடி தகரம் எறக்கி ஒரு திண்ணை. சித்தாலேப தைலம் தேய்ச்சு துணிய சுத்தி என்னைய கட்டில்ல போட்டுட்டாங்க, அவங்க நாலு பேரு கீழ படுத்தாங்க, எவ்வளவு சொல்லியும் கேக்கல. காலையில ரொட்டி, கட்டசம்பல். பெரியம்மா பேசறத கேட்டா கண்ண மூடுனா எங்கம்மா. படங்கு, பெரட்டு, புள்ளகாம்பரா... கோத்தகிரில அம்மா மட்டும் பேசுற பாஷைன்னு நெனச்சிட்டிருந்த சொல்லெல்லாம் இங்க நாய்க்குட்டிய வெரட்டறப்பகூட வருது.

பெரியம்மா மக, எனக்கு அக்கா முறை, அவங்க மருமகளுக்கு ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபா, நம்ம காசுல 270க்குள்ள. கொழுந்து கொறஞ்சா அதுவும் பாதி. அண்ணன் தம்பில யாரு கணக்கு சரின்னு பெரியம்மா கேட்டுச்சு. "அங்க எங்கள சிலோன்காரங்கன்னு சொல்வாங்க"ன்னேன். "இங்க எங்கள கள்ளத்தோணின்னாங்க"ன்னுச்சு. சிரிச்சோம்.

மத்தியானம் அம்மாவோட வீடியோ கால். தொங்கல் காம்பராவ காட்டு, கோயில காட்டுன்னு கேக்கல, "பீலி இருக்கா? பீலிய காட்டு"ங்குது. மலைத்தண்ணி மூங்கில் வழியா விழற எடம், இப்ப பிளாஸ்டிக் பைப்பு, அடியில மட்டும் துணி துவைச்சுத் துவைச்சு நடுவுல குழிஞ்ச பழைய கல்லு. என்னால எறங்க முடியாது, அம்பது அறுவது படி. பெரியம்மா பேரன், ஏழு வயசு, போன வாங்கிட்டு ஓடுனான். மேலேர்ந்து பாக்கறேன், கல்லுகிட்ட குனியறான், போன நீட்டறான், அந்தப் பக்கம் அம்மா "இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட"ன்னு கத்தறது எனக்கே கேக்குது. கிட்ட கொண்டு போனான். ரொம்பக் கிட்ட.

தண்ணிலேர்ந்து எடுத்துட்டு வந்து ஈரத்தோட நீட்டிட்டு அழுதான், நான் எதுவும் சொல்லல, பெரியம்மா ஒண்ணு வச்சுச்சு. இப்ப போன் அரிசி மூட்டைக்குள்ள. ராத்திரி அக்கா மகன் போன்ல அம்மாவ கூப்ட்டேன். "கல்லு தெரிஞ்சுதும்மா"ன்னுச்சு, "அதுக்கப்பறம் தண்ணி சத்தமும் கேட்டுச்சு, நான் வைக்கவே இல்ல, அதுவா கட்டாகற வரைக்கும்."

பிப்ரவரி 25, ஞாயிறு

அக்கா மகன் போன்லேர்ந்து போடறேன், சுருக்கமா. வீக்கம் வடியுது. பக்கத்து லயத்து தாத்தாங்க எல்லாம் வந்து என்கிட்டதான் ஊர் கேக்கறாங்க. புதுக்கோட்டை பக்கம் எங்க ஊரு, பாத்திருக்கியா? நாமக்கல்லுல எங்க பங்காளிங்க, தெரியுமா? ஒண்ணும் தெரியல எனக்கு. கோத்தகிரி, கோயமுத்தூர், இத விட்டா எதுவும் பாத்ததில்ல. பெரியம்மாவோட தாத்தா, அதாவது எனக்கு கொள்ளுத்தாத்தா, துறையூர் பக்கம். குலதெய்வம் அங்கதான். நாங்க அம்பது வருஷமா அதே நாட்டுல இருந்துட்டு போனதில்ல, இத சொல்லவே வெக்கமா இருந்துச்சு. பெரியம்மா 500 ரூபா இலங்கை நோட்ட மடிச்சு கையில வச்சு "உண்டியல்ல போடு, தேங்கா உன் காசுல ஒட"ன்னுச்சு.

பிப்ரவரி 27, செவ்வாய்

திருச்சி ஏர்போர்ட். ஏற்கனவே சென்னைக்கு ரிட்டர்ன் போட்டிருந்தேன், அது போச்சு, காசும் வராது. போன் உயிரோட இருக்கு, டிஸ்ப்ளேல பாதி பச்சைக்கோடு, மீதி பாதியில டைப் பண்றேன், தப்பிருந்தா பொறுத்துக்கங்க. கஸ்டம்ஸ்ல பைய தெறக்கச் சொன்னாங்க, பூரா தேயிலைத் தூள். "கோத்தகிரிக்கா கொண்டு போறீங்க?"ன்னாரு அந்த ஆபீசர்.

பிப்ரவரி 28, புதன்

சத்திரம் பஸ்ஸ்டாண்டு, துறையூர் பஸ். கால் ஷூக்குள்ள போகல, ஒரு கால்ல ஷூ, ஒரு கால்ல பாத்ரூம் செருப்பு. மண்ணச்சநல்லூர் தாண்டுனதும் ஒரே வெயில், நெல்லு, சோளம், அப்பறம் தூரத்துல கொல்லிமலை. துறையூர்ல எறங்கி டவுன் பஸ் மாத்துனேன். கண்டக்டர் வந்தாரு, ஊர்ப் பேர சொன்னேன், பெரியம்மா சொன்ன மாதிரியே, ரெண்டு தடவை.

அவரு விசில வாய்லேர்ந்து எடுத்துட்டு, "மேலயா, கீழயா?"ங்கறாரு.

போன எடுத்தேன். சார்ஜ் ரெண்டு பர்சென்ட். பெரியம்மா நம்பர் அக்கா மகன் போன்ல இருக்கு, அக்கா மகன் நம்பர் என் பழைய வாட்ஸப்ல இருக்கு. "ஏம்மா, வண்டி போகணும், மேலயா கீழயா?" பஸ்ஸே திரும்பிப் பாக்குது. அந்த 500 ரூபா நோட்ட கையில வச்சுக்கிட்டு "ரெண்டுக்கும் எவ்வளவுண்ணே?"ன்னு கேட்டேன்.