வயிற்றில் இரண்டு டியூப், வேலை செய்வது ஒன்று

என் தம்பியின் வயிற்று எக்ஸ்ரேயில் இரண்டு வெள்ளைக் கோடுகள் தெரியும். ஒன்று இப்போது வேலை செய்யும் வி.பி. ஷன்ட். இன்னொன்று குழந்தையாக இருந்தபோது வைத்தது. கழுத்துப் பக்கம் அறுந்துபோனதால் மறுபக்கம் புதிதாகப் போட்டார்கள், பழையதை எடுக்கவில்லை.

ஷன்ட் பற்றித் தெரியாதவர்களுக்கு: மூளைக்குள் ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டர் நீர் சுரக்கும், அது வடிய வழியில்லாமல் தேங்கினால் தலைக்குள் அழுத்தம் ஏறும், அதனால் அந்த நீர் வடிய மூளையிலிருந்து காதுக்குப் பின்னால் தோலுக்கடியிலேயே ஒரு சிலிகான் டியூபை இறக்கி வயிற்றுக்குள் விட்டுவிடுவார்கள்.

பழையதை ஏன் விட்டுவைக்கிறார்கள்? வருஷக்கணக்கில் கிடந்ததைச் சுற்றி உறை மாதிரி சதை வளர்ந்து, சுண்ணாம்பும் படிந்து, இழுத்தால் பாதியில் அறுந்துவிடும். மூளைப் பக்க முனை இன்னும் மோசம். அங்கே ரத்தக்குழாய்ப் பின்னலோடு ஒட்டியிருந்தால் உருவும்போது உள்ளே ரத்தம் கசியலாம். தொந்தரவு தராததைத் தோண்ட வேண்டாம் என்று நியூரோ சர்ஜன் சொன்னால் அது சோம்பேறித்தனம் இல்லை. கிருமி தொற்றி மாற்றும்போது மட்டும் கதை வேறு. சிலிகான் மேல் கிருமிகள் படலமாக ஒட்டிக்கொள்ளும், மருந்து அதற்குள் சரியாகப் போகாது, அதனால் முழுசாக எடுத்துவிடத்தான் பார்ப்பார்கள்.

ஆனால் மேலே பிடிப்பு விட்ட துண்டு இருந்த இடத்திலேயே இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. மொத்தமாக வயிற்றுக்குள் நழுவலாம், குடலைச் சுற்றி அடைக்கலாம், ஆண் குழந்தைகளுக்கு விதைப்பைக்குள் இறங்கலாம். ரொம்ப அபூர்வமாகக் குடலைத் துளைத்து ஆசனவாய் வழியே முனை எட்டிப் பார்க்கும், அதுவும் பல சமயம் வயிற்று வலிகூட இல்லாமல்! அப்படி எதையாவது பார்த்தால் கையால் இழுக்கவோ வெட்டவோ கூடாது, நேராக ஆஸ்பத்திரி. அந்த டியூப் மேலே மூளையோடு இன்னும் இணைந்திருந்தால் குடல் கிருமி ஏறி மூளைக்காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

எனக்கு எரிச்சல் வேறு விஷயத்தில். தம்பியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஷன்ட் மாற்றப்பட்டது' என்று ஒரே வரி. பழையது உள்ளேயே இருக்கிறது என்று ஒரு வார்த்தை கிடையாது. பின்னொரு நாள் வயிற்று வலி என்று கேஷுவாலிட்டிக்குப் போனபோது, டியூட்டி டாக்டர் அறுந்த டியூபைப் பார்த்துவிட்டு ஷன்டே உடைந்துவிட்டது என்று பதறினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, படம் அப்படித்தான் இருக்கும்.

இப்போது அந்த எக்ஸ்ரேயின் போட்டோ அவன் போனில் இருக்கிறது, பழைய டியூபுக்கு ஒரு சிவப்பு அம்புக்குறி போட்டு 'மேலே இணைப்பு இல்லை' என்று எழுதி, எடுத்த தேதியும் சேர்த்து. அடுத்த முறை எக்ஸ்ரே எடுத்தால் துண்டு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கப் பக்கத்தில் வைக்க ஒரு பழைய படம் வேண்டுமே.